மேசைமேல் போர்க்களம்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது, ‘இந்த வயதிலும் பொம்மை வைத்து விளையாடுகிறவர்’ என்றார். அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆகவே மறுப்பு எதுவும் சொல்லாமல் அந்தப் பொம்மைகளைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

இது என்ன விளையாட்டு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஆறடிக்கு நாலடி மேசை ஒன்று. அதன்மேல் பச்சை விரிப்பு. தெர்மாகோலை வெட்டி அடுக்கிய மேடுகள், நீல வண்ணம் பூசிய ஓர் ஆறு, தென்னை நாரைத் திரித்துச் செய்த மரங்கள். இரண்டு பக்கமும் உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சிப்பாய்கள். இன்று அதிகம் புழங்குவது 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மை. ஒரு பொம்மை இருபது பேருக்குச் சமம், ஓர் அங்குலம் பத்து கஜத்துக்குச் சமம் என்பதுபோல ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். காலாட்படை ஒரு முறைக்கு எத்தனை அங்குலம் நகரலாம், குதிரை எத்தனை அங்குலம் பாயலாம் என்பதற்கு விதி உண்டு. இன்ச் டேப்பால் அளந்துதான் நகர்த்த வேண்டும். சுட்ட குண்டு பட்டதா என்பதைப் பகடை சொல்லும். அடிபட்ட படை நிற்குமா, மிரண்டு ஓடுமா என்பதையும் பகடைதான் சொல்லும். ஒரு மாலைப்பொழுதில் ஒரு போர் முடிந்துவிடும். அந்த ஒரு மாலைக்காக மாதக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கும். நான் ருசி கண்டது அந்தப் படிப்பில்தான்.

சரித்திரப் புத்தகத்தைப் படிக்கிற நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. முடிவு நமக்குத் தெரியும். தோற்ற தளபதி எடுத்த ஒவ்வொரு முடிவும் அதனால் நமக்கு முட்டாள்தனமாகப் படுகிறது. ஜெயித்தவன் தும்மியதுகூட ராஜதந்திரமாகிவிடுகிறது. மேசைக்கு வந்து ஒரு படையின் பக்கம் நின்று பாருங்கள். அந்த வசதி போய்விடும். அந்த மேட்டுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் ஆணை போய்ச் சேருமா என்று தெரியாது. அப்போதுதான் அந்தத் தளபதிக்கு அன்றைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்கத் தோன்றும். சரித்திரத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது என்பது என் கட்சி. நான் இன்று சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கட்சிக்கான வாதம்.

இந்த விளையாட்டின் கதையை எங்கே தொடங்குவது? சதுரங்கத்திலிருந்து தொடங்கினால் நமக்குப் பெருமையாக இருக்கும். யானை, குதிரை, தேர், காலாள் என்று நாற்படையையும் பலகையில் ஏற்றியவர்கள் இந்த நாட்டுக்காரர்கள்தானே. ஆனால் சதுரங்கத்தில் எல்லாக் காயும் எல்லோர் கண்ணிலும் படும். மழை கிடையாது, மிரட்சி கிடையாது, பசி கிடையாது. உண்மையான போரைப் பலகைக்குக் கொண்டுவர முயன்றவர்கள் ஜெர்மானியர்கள். 1780-இல் பிரன்ஸ்விக் ஊரில் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கத்தையே நீட்டிப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, சதுப்பு, ஆறு என்று வண்ணம் பூசினார். 1812-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு கட்டங்களையே தூக்கி எறிந்துவிட்டு, நிலத்தோற்றத்தைச் சிறு சிறு ஓடுகளாகச் செய்து, இழுப்பறை வைத்த ஓர் அலங்கார மேசையாக அரசருக்குக் கொடுத்தார். அரச குடும்பம் பொழுதுபோக்கியது. அவ்வளவுதான்.

அவருடைய மகன், பீரங்கிப்படை லெப்டினண்ட், அதை வேறு தளத்துக்குக் கொண்டுபோனார். 1824-இல் அவர் அச்சிட்ட விதிகளில் மூன்று விஷயங்கள் உண்டு. விளையாட்டு 1:8000 அளவு வரைபடத்தின்மேல் நடக்கும். ஒரு முறை என்பது இரண்டு நிமிடம். இரண்டு அணிக்கும் நடுவே ஒரு நடுவர் இருப்பார். உனக்குத் தெரிய வேண்டியதை மட்டும் அவர் உனக்குக் காட்டுவார். அந்த மூன்றாவதுதான் பெரிய கண்டுபிடிப்பு. எதிரி வரைபடத்தில் இருக்கிறான், ஆனால் உன் கண்ணுக்கு இல்லை. பிரஷ்யப் படைத்தலைமைக் குழுவின் (ஜெனரல் ஸ்டாஃப்) தலைவர் மியூஃப்லிங் அரைமனதோடு பார்க்க உட்கார்ந்து, ஆட்டம் போகப் போக நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசியில் இதைப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். படைப்பிரிவுகள்தோறும் அது பரவியது. கண்டுபிடித்த லெப்டினண்டுக்கோ நல்ல காலம் வரவில்லை. தொலைவான ஒரு காவல் ஊருக்கு மாற்றப்பட்ட மனக்கசப்பில் 1827-இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

ராணுவத்தாரின் பாடமாக இருந்ததை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர் எச். ஜி. வெல்ஸ். கால யந்திரம் எழுதிய அதே வெல்ஸ். 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதற்குள் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெற்றிடம் விட்டு ஈயத்தை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்து, பொம்மைச் சிப்பாயின் விலையைக் குறைத்து, இங்கிலாந்தின் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பட்டாளத்தைக் கொடுத்திருந்தது. மரத்துண்டைக் குண்டாகச் சுடும் வில் வைத்த பொம்மைப் பீரங்கியும் வந்திருந்தது. வெல்ஸும் நண்பர்களும் தரையில் குப்புறப் படுத்துக் கொண்டு, அந்தப் பீரங்கியால் எதிரியின் சிப்பாய்களை நிஜமாகவே அடித்துச் சாய்த்தார்கள். வேட்டிகட்டிய நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடத்தில் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணை மூடிக் குறிபார்ப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அன்றைக்கு இங்கிலாந்திலும் அது அவ்வளவு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதி வேடிக்கை இல்லை. போர்வெறி பிடித்த மன்னர்களையும் தளபதிகளையும் ஒரு பெரிய கூடத்தில் விட்டு, கணக்கில்லாத பொம்மைச் சிப்பாய்களைக் கொடுத்து, எங்களை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்கிறார் வெல்ஸ். இந்த விளையாட்டை மூன்று நான்கு முறை ஆடினாலே நிஜப் போர் எத்தனை பெரிய தடுமாற்றம் என்பது விளங்கிவிடும் என்பது அவர் வாதம். மறு வருஷமே உலகப் போர் வந்தது. அதே வெல்ஸ், போருக்கெல்லாம் முடிவுகட்டும் போர் இது என்று அதை ஆதரித்து எழுதினார். பொம்மை விளையாடியவர்கள் எல்லோரும் சமாதானப் பிரியர்களாகிவிடுவார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். விளையாட்டு அவ்வளவு பெரிய மருந்து இல்லை.

அதற்குப் பிறகான வளர்ச்சியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1962-இல் சவுத்தாம்டனில் பிசியோதெரபிஸ்டாக இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் ‘வார் கேம்ஸ்’ என்ற புத்தகத்தை எழுதினார். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் மலிவான பிளாஸ்டிக் சிப்பாய்கள் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தன. புத்தகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து பொழுதுபோக்கைப் பரப்பிவிட்டன. அமெரிக்காவில் இடைக்காலப் போர்களுக்கான பொம்மை விதிகளில் டிராகனையும் மந்திரவாதியையும் சேர்த்தார்கள். 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. உங்கள் பிள்ளைகள் போனில் ஆடும் ஆட்டத்தில் உயிர்ப்புள்ளி குறைகிறதே, அதன் பூர்வீகம் இந்தப் பொம்மை மேசைதான்.

இனி எனக்கு மிகப் பிடித்த கதைக்கு வருகிறேன். இது விளையாட்டுகூட இல்லை, ஒரு மாதிரி அமைப்பு. வாட்டர்லூ போர் நடந்தது 1815-இல். பதினைந்து ஆண்டு கழித்து, வில்லியம் சிபோர்ன் என்ற ஆங்கில லெப்டினண்டிடம் அந்தப் போரை மாதிரியாகச் செய்யும் வேலையைப் படைத் தலைமை கொடுத்தது. மனுஷன் நேரே வாட்டர்லூவுக்குப் போனார். போரின் மையமாக இருந்த லா ஏ சாந்த் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளம் ஒவ்வொன்றையும் அளந்தார்.

நிலம் கிடைத்துவிட்டது. ஆட்கள் எங்கே நின்றார்கள் என்பது தெரிய வேண்டும். போரில் இருந்து பிழைத்த அதிகாரிகளுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மாலை ஏழு மணிக்கு, நெப்போலியனின் மெய்க்காப்புப் படை கடைசித் தாக்குதலுக்கு வந்த அந்த நேரத்தில், உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது? உங்கள் எதிரே இருந்த எதிரி எந்த அணிவகுப்பில் இருந்தான்? இவை எதிர்பார்க்கக்கூடிய கேள்விகள். இன்னொன்றும் கேட்டார்: உங்கள் முன்னால் வயலில் என்ன பயிர் நின்றது?

இந்தக் கேள்விக்காகவே சிபோர்னை எனக்குப் பிடிக்கும். எந்தச் சரித்திர ஆசிரியருக்கும் அதுவரை அதைக் கேட்கத் தேவை வரவில்லை. எழுத்தில் ‘வயல்’ என்று எழுதிவிட்டால் போதும். மாதிரி செய்கிறவனுக்கு அது போதாது. வயலுக்கு ஒரு நிறம் வேண்டும், ஓர் உயரம் வேண்டும். உயரம் தெரிந்தவுடன் வேறொன்றும் தெரிகிறது. ஜூன் மாதத்து ரை பயிர் ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்குள் இறங்கிய சிப்பாய்க்கு எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தபின் மாலையில் அதே வயல் வெறும் சகதி. காலை ஒரு போர்க்களம், மாலை வேறொரு போர்க்களம்.

பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சிபோர்னின் மகன் ஒரு பகுதியை 1891-இல் நூலாக அச்சிட்டார். வாட்டர்லூவைப் பற்றி எழுதுகிற எவரும் அந்தக் கடிதங்களைத் தொடாமல் எழுத முடியாது. ஒரு பொம்மை மாதிரிக்காகத் திரட்டிய தகவல் அது என்பதை நினைவில் வையுங்கள்.

சங்கடமும் அங்கிருந்துதான் தொடங்கியது. கடிதங்களின்படி வைத்துப் பார்த்தால், மாலை ஏழு மணிக்கு, ஆங்கிலேயருக்குத் துணையாக வந்த பிரஷ்யப் படை பெருந்திரளாகக் களத்துக்குள் வந்துவிட்டிருந்தது. வெற்றியில் அவர்களுக்குப் பெரிய பங்கு என்று மாதிரி சொன்னது. ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கிய வெலிங்டன் தரப்புக்கு அது ரசிக்கவில்லை. அரசாங்கம் நடுவிலேயே பணத்தை நிறுத்திவிட்டது. சிபோர்ன் கடன் வாங்கிச் செய்து முடித்தார். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் குட்டிச் சிப்பாய்கள். 1838-இல் லண்டன் எகிப்திய மண்டபத்தில் கட்டணம் வைத்துக் காட்டினார்கள். கூட்டம் அலைமோதியது, பணம் அவர் கைக்கு வந்து சேரவில்லை. பிறகு, நெருக்குதல் தாங்காமல் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும்பகுதியை அவரே மேசையிலிருந்து எடுத்துவிட்டார். 1849-இல் இறந்தார். மாதிரி இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பிரஷ்யர்கள் குறைந்தபடி.

எழுத்தில் ‘பிரஷ்யரும் வந்து சேர்ந்தனர்’ என்று ஒரு வரி எழுதி மழுப்பலாம். யாரும் கோபப்பட மாட்டார்கள். மேசையில் மழுப்ப முடியாது. எத்தனை பேர், எந்த இடம், எந்த நேரம் என்று வைத்தாக வேண்டும். வைத்தவுடன் யாருக்காவது வலிக்கும்.

அந்தக் கூர்மை பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதிலும் உண்டு. இதோ, என் கையில் இருப்பது 1780-ஆம் ஆண்டுச் சென்னைப் படைச் சிப்பாய் ஒருவன். பின்வரிசைக்குத் தெரியாது, கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். உலோகத்தைச் சோப்பு நீரில் கழுவி, ப்ரைமர் அடித்து, அதன்மேல் அக்ரிலிக் வண்ணம். சிவப்புச் சட்டை, அது எளிது. தலையில் நீலத் தலைப்பாகை. தொடைவரை மட்டுமே வரும் வெள்ளை அரைக்கால் சட்டை. அதன் விளிம்பில் ரம்பப் பல்போல நீலக் கரை. அதற்குக் கீழே வெறுங்கால், செருப்பு. நிறங்கள் காய்ந்தபின் நீர்த்த கருப்பழுப்பை மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளில் போய்த் தங்கி நிழல் தரும். ஈரம் துடைத்த தூரிகையால் மேடுகளை மட்டும் லேசாகத் தடவினால் வெளிச்சம் வரும். அடித்தட்டில் ஃபெவிகால் தடவி ஆற்றுமணலைத் தூவினால் மண் தயார்.

அந்தக் காலைத் தீட்டும்போது நமக்கு எழும் கேள்வி: பூட்ஸ் போட்ட ஐரோப்பியப் படையோடு சேர்ந்து இவன் இந்த வெயிலில், இந்த முள்ளில், செருப்புக் காலோடு ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்தான்? இவன் தமிழ் பேசினானா, தெலுங்கு பேசினானா? இவனுக்கு ஆணை எந்த மொழியில் வந்தது? தூரிகை நுனி அந்த அரைக்கால் சட்டையில் நிற்கும்போது வரும் கேள்விகள், புத்தகத்தைப் புரட்டும்போது வருவதில்லை. திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில், இந்தச் சிப்பாய் போன்றவர்கள் 1780-இல் சண்டையிட்ட புள்ளலூர்ப் போரைத் தீட்டவைத்தார்; அந்தப் போருக்குப் பிறகு வருகிறேன். அந்தச் சித்திரத்தைப் பார்த்து நிறம் எடுக்கலாம் என்று ஆசை வரும். ஆனால் அந்தச் சுவர் பின்னாளில் மீண்டும் தீட்டப்பட்டது. ஆகவே அங்கே காணும் நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

‘இதெல்லாம் சரி, விளையாட்டு எதையாவது புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறதா’ என்று நீங்கள் கேட்கலாம். கண்டுபிடித்திருக்கிறது. இடம் லிவர்பூல், காலம் ஜனவரி 1942. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக் கொண்டிருந்தன. காசநோயால் கடற்படையிலிருந்து அனுப்பப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியைக் கூப்பிட்டு, ஏதாவது செய் என்றார்கள். டெர்பி ஹவுஸ் கட்டடத்தில் ஓர் அறை. உதவிக்குக் கடற்படைப் பெண்கள் சிலர். பெரும்பாலும் இளவயதினர், கடலில் போர் பார்த்தவர்கள் இல்லை.

தரையில் லினோலியம் விரித்து அதையே கடலாக்கினார்கள். சிறு மரக் கப்பல்கள், சுண்ணக்கட்டி. பாதுகாப்புக் கப்பல்களின் தலைவர்களாக ஆடுகிற அதிகாரிகளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, ஒரு சிறு துளை வழியாக மட்டும் பார்க்கவிட்டார்கள். இருட்டில் கப்பல் மேல்தளத்தில் நிற்பவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். ஒரு முறைக்கு இரண்டு நிமிடம். ரைஸ்விட்ஸின் கணக்கேதான்.

நடந்த தாக்குதல்களை அப்படியே திரும்ப ஆடினார்கள். ஒரு கேள்வி உறுத்தியது: கப்பல் கூட்டத்தின் நடு வரிசையில் இருந்த கப்பல் எப்படி மூழ்கியது? நீர்மூழ்கி வெளியே இருந்து சுடுகிறது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். தரையில் வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை பொருந்தவில்லை. ராபர்ட்ஸும் பெண்களும் வேறுவிதமாக வைத்துப் பார்த்தார்கள். நீர்மூழ்கி இரவில், நீர்மட்டத்தின் மேலேயே, பின்னாலிருந்து கூட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது. உள்ளேயிருந்து சுட்டுவிட்டு மூழ்கி, கூட்டம் தன் தலைக்குமேல் கடந்து போகும்வரை காத்திருக்கிறது. பாதுகாப்புக் கப்பல்களோ அதைத் தேடி வெளியே ஓடிக்கொண்டிருந்தன. திருடன் வீட்டுக்குள் இருக்க, தெருவில் விசில் ஊதிய கதை.

கூட்டத்தை விட்டு விலகாமல், வகுத்த தடங்களில் சுற்றிவந்து தேடும் புதிய முறை ஒன்றை வகுத்தார்கள். அதற்கு ‘ராஸ்பெரி’ என்று பெயரிட்டவர் ஜீன் லெய்ட்லா என்ற இளம்பெண். போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஐயாயிரம் அதிகாரிகள் அந்தத் தரையில் பயின்றார்கள். நீர்மூழ்கிப் போரில் பழம் தின்று கொட்டை போட்ட அட்மிரல் மேக்ஸ் ஹோர்டன் ஒருமுறை நீர்மூழ்கியாக ஆட உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் ஜேனட் ஓகெல் என்ற பெண். ஐந்து ஆட்டத்திலும் அட்மிரல் மாட்டிக்கொண்டார்.

அதே 1942-இல், மே மாதம், ஜப்பானியக் கடற்படையும் மிட்வே தாக்குதலைப் பலகையில் ஆடிப் பார்த்தது. எதிரி விமானங்களின் குண்டுகள் ஒன்பது பட்டு இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின என்று பகடைப்படி தீர்ப்பு வந்தது. தலைமை நடுவராக இருந்த உகாகி, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அப்படியும் மூழ்கிய ஒரு கப்பல் அடுத்த கட்ட ஆட்டத்தில் உயிரோடு வந்து நின்றது. ஜூன் மாதம் நிஜக் கடலில் நான்கு விமானந்தாங்கிகள் போயின. பகடை அன்று உண்மையைச் சொன்னது என்று நான் சொல்ல வரவில்லை. பகடை எதையும் அறியாது. கேட்கப் பிடிக்காத பதிலை மேலதிகாரி ஒருவர் அழித்தார், சுற்றியிருந்தவர்கள் சும்மா இருந்தார்கள். லிவர்பூலில் ஓர் அட்மிரலைத் தோற்கடிக்க ஓர் இளம்பெண்ணுக்கு இடம் இருந்தது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர் என்று ஓர் ஊர். பல்லவ மகேந்திரவர்மன் தன் பெரும் பகைவரை அங்கே அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று சாளுக்கியப் புலிகேசியின் அய்கொளெக் கல்வெட்டு சொல்கிறது. இருவரும் ஜெயித்திருக்கிறார்கள்! ஏறத்தாழ 1,160 ஆண்டு கழித்து அதே ஊரில், 1780 செப்டம்பர் 10 அன்று, ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை நிர்மூலமாக்கினார்கள். ஆங்கில எழுத்தில் அதன் பெயர் பொல்லிலூர். மைசூர்ப் போர்களை மேசையில் ஆடுகிற பிரிட்டன்காரர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தப் போரைச் சாதாரண மேசை ஆட்டமாக வைத்தால் சுவையில்லை. கடைசிக் காலையில் பெய்லியிடம் 3,800 பேர் அளவில். சுற்றிலும் பல மடங்கு மைசூர்ப் படை, ராக்கெட்டுகள், பீரங்கிகள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் கதை முடிந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தை ஆட வேண்டும், ரைஸ்விட்ஸின் பாணியில். மூன்று அறை வேண்டும். ஓர் அறையில் குண்டூரிலிருந்து இறங்கிவரும் பெய்லி. ஒன்றில் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருக்கும் ஹெக்டர் மன்ரோ. பதினாறு ஆண்டுக்கு முன் பக்சாரில் வென்றவர். மூன்றாவதில் ஹைதர். நடுவில் வரைபடத்தோடு நடுவர். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சீட்டு மட்டும்தான் போகலாம். அதுவும் பகடை சம்மதித்தால்.

ஆகஸ்ட் கடைசியில் பெய்லி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். வடகரையிலேயே கூடாரம் போட்டார். வெள்ளம் வந்துவிட்டது; செப்டம்பர் 3 வரை கடக்க முடியவில்லை. புத்தகத்தில் படிக்கும் நாம் அன்றே கடந்திருக்கலாமே என்று சொல்லிவிடுவோம். அறையில் பெய்லியாக உட்காருகிறவருக்கு மேற்கே மலையில் மழை பெய்வது எப்படித் தெரியும்? மன்ரோவின் அறையில் இன்னும் கஷ்டம். காஞ்சிபுரத்தில் படைக்கு வேண்டிய தானியம் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு பெய்லியை நோக்கி நகர்ந்தால் ஹைதர் ஊரைப் பிடித்துக்கொள்வார், படை பட்டினி. நகராவிட்டால் பெய்லி தனியே மாட்டுவார். ஃபிளெட்சர் தலைமையில் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். ஹைதரின் கூலி வழிகாட்டிகளுக்கும் போயிருந்தது. ஃபிளெட்சர் சந்தேகப்பட்டு இரவில் பாதையை மாற்றித்தான் தப்பித்து பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார்.

9-ஆம் தேதி இரவு. பெய்லி புறப்பட்டுவிட்டார். மன்ரோ ஒரு சில மணிநேர நடைத் தொலைவில்தான். இருட்டிலேயே தொடர்ந்து நடப்பதா, விடியும்வரை நிற்பதா? பெய்லி நின்றார். விடிந்தபோது ஹைதரின் முழுப்படையும் வந்திருந்தது. பீரங்கிச் சத்தம் கேட்டு மன்ரோ காலையில் புறப்பட்டு வந்து, சமிக்ஞைக் குண்டு போட்டுப் பார்த்து, பதில் வராமல் திரும்பினார். கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-இல் இறந்தார்.

மன்ரோவைக் கோழை என்று எழுதுவது சுலபம்; நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவர் அறையில், அவர் சீட்டுகளோடு மட்டும் உட்கார்ந்து பார்த்தபிறகு அந்தச் சொல் எனக்கு நாக்கில் வருவதில்லை. மெத்தனம் என்று சொல்வேன். ஹைதரைப் பற்றிய மதிப்பு ஒரு படி கூடியது. ராக்கெட்டைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். அவரை ஜெயிக்க வைத்தது அவருடைய குதிரைப்படை இரு ஆங்கிலப் படைகளுக்கும் நடுவே தகவல் போகாமல் அடைத்துக்கொண்டதுதான் என்பது என் தீர்ப்பு.

ஒரு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாமல் இறங்கக் கூடாது. செத்தவர்களை வைத்து விளையாடலாமா? நியாயமான கேள்வி. மேசையில் தாகம் இல்லை, சீழ் இல்லை. படைக்குப் பின்னால் நடந்த சமையல்காரர், புல்வெட்டி, மாட்டுவண்டிக்காரர், பெண்கள், குழந்தைகள் யாரும் இல்லை. அவர்களுக்குப் பொம்மை வார்ப்பவர்களே அரிது. இந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். எனக்கென்று ஒரு கோடு வைத்திருக்கிறேன். எந்தப் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இன்னும் உயிரோடு இருக்கிறாளோ, அந்தப் போரை என் மேசையில் வைக்க மாட்டேன். முள்ளிவாய்க்காலை யாராவது ஆட்டமாக்கிக் கொண்டுவந்தால் எழுந்து போய்விடுவேன். வேறு சிலர் கோட்டை வேறு இடத்தில் போடுவார்கள். கோடே வேண்டாம் என்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் உலோகப் பொம்மைக்குத் தபாலும் சுங்கமும் சேர்ந்து பொம்மையின் விலையை மீறும். அது கட்டாயம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளோடு ஆடுவதற்கு அட்டையில் வரைந்து வெட்டிய சிப்பாயே போதும். பெய்லியின் ஆட்டத்துக்கு அதுகூட வேண்டாம். ஒரு வரைபடம், சிவப்பும் பச்சையுமாகச் சில அட்டைத்துண்டு, மூன்று அறை, பொறுமையுள்ள ஒரு நடுவர்.

புள்ளலூரில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. பெய்லி விழுந்த மறு ஆண்டு, 1781-இல் அதே களத்தில் நடந்த இன்னொரு போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கானவை அவை. இரண்டு போரிலும் இருபக்கமும் செத்த நம்மவர் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. சிபோர்னும் அதிகாரிகளுக்குத்தான் கடிதம் எழுதினார். சாதாரணச் சிப்பாயைக் கேட்கவில்லை. நமக்கோ கடிதம் எழுதவும் ஆளில்லை. ஆனால் நிலம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, ஏரிக்கரைகள் இருக்கின்றன. இந்த வட்டத்தில் வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், நில அளவை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், கொலுப் பொம்மை செய்கிற குடும்பத்திலிருந்து ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். புள்ளலூர்ப் போரை, செருப்புக்கால் சிப்பாயையும் மாட்டுவண்டிக்காரரையும் விட்டுவிடாமல், ஒரு மாதிரியாகச் செய்து காஞ்சிபுரத்தில் பொதுமக்கள் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். செப்டம்பரில் வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்துவர யாராவது என்னோடு வருவதாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.